‘நீ யார்?’ என்று கேட்பது யார்?

அப்துல்ரசாக் குர்னாவின் ‘பை தி சீ’ (2001) நாவலில், அறுபதைத் தாண்டிய ஒருவர் சான்சிபாரிலிருந்து இங்கிலாந்தின் கேட்விக் விமான நிலையத்தில் வந்து இறங்குகிறார். ஆங்கிலம் தெரியாதவர்போல் இருந்துகொள்ளும்படி யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ‘அகதி’, ‘தஞ்சம்’ என்ற இரண்டு சொற்களுக்கு மேல் அவர் வாய் திறப்பதில்லை. கையிலிருக்கும் கடவுச்சீட்டு இன்னொருவர் பெயரில் எடுத்தது. விசாரிக்கும் குடிவரவு அதிகாரி, ருமேனியாவிலிருந்து அகதிகளாக வந்தவர்களின் மகன். இந்த வயதில் இங்கே வந்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று அறிவுரை சொல்லிக்கொண்டே, கிழவரின் பையிலிருந்த அகில் வாசனைப் பெட்டியைத் தனக்கென எடுத்து வைத்துக்கொள்கிறார். பிறகு மொழிபெயர்ப்பாளர் ஒருவரைத் தேடுகிறார்கள். கிடைப்பவர், கிழவர் யாருடைய பெயரை இரவல் வாங்கினாரோ அவருடைய மகன்.

தன்னைக் கண்டடையும் கதை என்றால் ஒரு மனம் தனக்குள் இறங்கிப் பார்க்கும் என்று வாசகர் எதிர்பார்ப்பது வழக்கம். பண்பாடுகளைத் தாண்டிச் செல்லும் இன்றைய புனைவில் அந்தத் தேடல் பெரும்பாலும் ஒரு மேசைக்கு முன்னால்தான் தொடங்குகிறது. மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர் படிவத்தோடு இருக்கிறார். இந்தப் பக்கம் இருப்பவர் அந்தக் கட்டங்களுக்குள் அடங்குகிற பதிலைச் சொல்லியாக வேண்டும். வாழ்ந்த வாழ்க்கைக்கும் சொன்ன பதிலுக்கும் நடுவே எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ அதுதான் நாவலுக்குக் கிடைக்கும் பொருள். கேட்பவர் யார், எந்த மொழியில் கேட்கிறார், பதிலை யார் எழுதிக்கொள்கிறார் என்பதைச் சரியாக அமைத்த நாவல்கள் நிற்கின்றன. ‘இரு பண்பாடுகளுக்கிடையே தத்தளிக்கும் மனம்’ என்ற பொதுத் துயரத்தை மட்டும் நம்பி எழுதப்பட்டவை சீக்கிரமே தளர்ந்துவிடுகின்றன. பின்னட்டையில் அந்த வாசகம் இருந்தாலே கொஞ்சம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

பழைய அச்சு ஏன் பொருந்தவில்லை

ஓர் இளைஞன் வீட்டை விட்டுக் கிளம்பி, அலைந்து, தவறுகள் செய்து, கடைசியில் சமூகத்தில் தன் இடத்தை அறிந்துகொள்ளும் நாவல் வடிவத்துக்கு முன்மாதிரியாகச் சொல்லப்படுவது ஜெர்மானிய எழுத்தாளர் கதே எழுதிய வில்ஹெல்ம் மைஸ்டரின் கதை (1795–96). வணிகக் குடும்பத்துப் பையன் நாடகக் குழுவோடு சுற்றித் திரிந்து பக்குவப்படுகிறான். அவன் பக்குவப்பட்டானா இல்லையா என்று சொல்ல அங்கே ஒரே ஒரு சமூகம் இருந்தது. வெளியே போனவனும் உள்ளே வரவேற்றவர்களும் ஒரே கணக்கில் மதிப்பெண் போட்டார்கள்.

இரண்டு சமூகங்கள் என்று ஆனதும் இந்த ஏற்பாடு குலைந்துபோகிறது. ஓரிடத்தில் முதிர்ச்சி எனப்படுவது இன்னோரிடத்தில் துரோகமாகிறது. தனியாக வீடு எடுத்துத் தங்கும் மகள் ஒரு கணக்கில் வளர்ந்துவிட்டாள், இன்னொரு கணக்கில் குடும்பத்தை விட்டு ஓடிவிட்டாள். எனவே கதையை எங்கே முடிப்பது என்பதே சிக்கலாகிவிடுகிறது. திருமணம், வேலை, வீடு என்ற பழைய முடிவுகள் எதுவும் இரு தரப்பையும் சமாதானப்படுத்துவதில்லை.

இதைப் புரிந்துகொள்ள இரண்டு சிந்தனையாளர்கள் போதும். டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் 1903இல், அமெரிக்கக் கறுப்பினத்தவர் தன்னை எப்போதும் மற்றவர் கண் வழியாகவே பார்க்கவேண்டியிருக்கும் இரட்டை உணர்வைப் பற்றி எழுதினார். ஜமைக்காவில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த ஸ்டூவர்ட் ஹால் 1990இல் வெளியான கட்டுரை ஒன்றில், பண்பாட்டு அடையாளத்தைத் தோண்டி எடுக்கும் புதையலாகப் பார்ப்பதை மறுத்தார். அது முடிவே இல்லாமல் உருவாகிக்கொண்டிருப்பது என்றார். முதலாமவர் கேட்பவரின் கண்ணைக் காட்டினார். இரண்டாமவர் பதில் மாறிக்கொண்டே இருக்கும் என்றார். இரு பண்பாடுகள் சந்திக்கும் இடைவெளியைக் குறிக்கும் ஹோமி பாபாவின் ‘மூன்றாம் வெளி’யையும் சேர்க்கலாம்தான். கருத்தரங்கக் கட்டுரைகளில் அது எந்தப் பூட்டுக்கும் பொருந்தும் சாவியாகிவிட்டதால் இங்கே வேண்டாம்.

பெயர்: முதல் படிவம்

ஜும்பா லாஹிரியின் ‘தி நேம்சேக்’ (2003) பெயர்க் குழப்பம் பற்றிய நாவல் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 1968இல் மாசசூசெட்ஸ் மருத்துவமனையில் குழந்தை பிறக்கிறது. பெயரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கல்கத்தாவில் இருக்கும் கொள்ளுப்பாட்டிக்கு. அவர் கடிதத்தில் எழுதி அனுப்பியாகிவிட்டது; கடிதம் வந்து சேரவில்லை. வங்காளி வீட்டில் இதனால் எந்த அவசரமும் இல்லை. வீட்டில் கூப்பிட ஒரு பெயர் இருக்கும், வெளியுலகுக்கான நல்ல பெயர் சில வருடங்கள் கழித்துக்கூட வரலாம். மருத்துவமனைக்கோ பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் குழந்தையை அனுப்பமுடியாது, பெயர் இல்லாமல் சான்றிதழ் இல்லை. ஆகவே தந்தை தற்காலிகமாக ‘கோகோல்’ என்று எழுதிக் கொடுக்கிறார். காத்திருக்கத் தெரிந்த ஒரு வழக்கமும் காத்திருக்க முடியாத ஓர் அலுவலகமும் மோதிக்கொண்ட கணத்தில் பிறந்த பெயர் அது. பள்ளியில் சேர்க்கும்போது பெற்றோர் ‘நிகில்’ என்ற நல்ல பெயரைக் கொடுத்துப் பார்க்கிறார்கள். குழந்தை எந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கிறது என்பதை வைத்துத் தலைமையாசிரியை முடிவெடுத்துவிடுகிறார். கல்லூரிக்குப் போகும் முன் அவனே நீதிமன்றத்துக்குப் போய்ப் பெயரை மாற்றிக்கொள்ளும்போது, ஏன் என்று நீதிபதி கேட்கிறார். அந்தப் பெயரைப் பிடிக்கவில்லை என்பதற்கு மேல் அவனிடம் பதில் இல்லை. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் என மூன்று மேசைகள். தந்தை ஏன் அந்த ருஷ்ய எழுத்தாளரின் பெயரை வைத்தார் என்ற உண்மையான பதில் இந்த மூன்றிலும் வெளிவருவதில்லை. பின்னால் ஒரு காருக்குள், எந்தப் படிவமும் இல்லாத இடத்தில் சொல்லப்படுகிறது. நாவலின் கட்டுமானம் இவ்வளவுதான். கச்சிதமானது.

சேடி ஸ்மித் ‘ஒயிட் டீத்’ (2000) நாவலில் இதே விஷயத்தை ஒரு பக்கத்துக்குள் நகைச்சுவையாகச் செய்துவிடுகிறார். லண்டன் வங்கதேசக் குடும்பம் ஒன்றின் வாசலில் சில வெள்ளைக்காரச் சிறுவர்கள் வந்து ‘மார்க் ஸ்மித்’ இருக்கிறானா என்று கேட்கிறார்கள். ஒன்பது வயது மஜீத் பள்ளியில் தன்னை அப்படித்தான் அழைக்கவைத்திருக்கிறான். மகனின் முழுநீளப் பெயரையும் உரக்கச் சொல்லிக் கத்துகிறார் தந்தை. பெயர் நீளமாக நீளமாகச் சிரிப்பும் வருகிறது, அவருடைய தோல்வியும் தெரிகிறது.

மின் ஜின் லீயின் ‘பச்சிங்கோ’வில் (2017) சிரிப்பதற்கு இடமில்லை. 1910இல் கொரியாவை ஜப்பான் தன்னோடு இணைத்துக்கொண்டது. ஜப்பானில் குடியேறிய கொரியர்கள் அதனால் ஜப்பானியப் பேரரசின் குடிமக்களாகக் கணக்கிடப்பட்டார்கள். 1952இல் சான் பிரான்சிஸ்கோ ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்ததும் அந்தக் குடியுரிமை போயிற்று. ஜப்பானில் குடியுரிமை பிறந்த மண்ணை வைத்துக் கிடைப்பதில்லை, பெற்றோரை வைத்தே கிடைக்கிறது. எனவே அங்கேயே பிறந்து ஜப்பானிய மொழி மட்டுமே அறிந்த தலைமுறைகளும் அந்நியர்களாகப் பதிவுசெய்துகொள்ள வேண்டியிருந்தது. நாவலில் சாலமன் என்ற பையன் தன் 14ஆவது பிறந்தநாளன்று கைரேகை கொடுத்துப் பதிவு அட்டை வாங்குகிறான், அதற்குப் பிறகு பிறந்தநாள் விருந்து. அவனுடைய பெரியப்பா நோவா எதிர்த்திசையில் போகிறவன். ஜப்பானியப் பெயரோடு வேறு ஊரில் குடியேறி, மனைவி மக்களுக்குக்கூடச் சொல்லாமல் ஜப்பானியனாகவே வாழ்கிறான். பல ஆண்டுகள் கழித்துத் தாய் அவனைத் தேடிக் கண்டுபிடித்துப் பார்த்துவிட்டுப் போனதும் தற்கொலை செய்துகொள்கிறான். லீ இங்கே ‘உன்னை நீயே ஏற்றுக்கொள்’ என்று பாடம் நடத்துவதில்லை. ஒரு சட்டம் ஒரு மனிதனுக்கு எந்தெந்த வழிகளை மூடியது என்பதை வரிசையாகக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

இரவல் பெயரில் வேலை செய்வதன் பொருளாதாரத்தைச் சிமமாண்டா என்கோசி அடிச்சியின் ‘அமெரிக்கானா’ (2013) அளவுக்கு விவரமாக எழுதிய நாவல் அதிகமில்லை. நைஜீரியாவிலிருந்து அமெரிக்கா செல்லும் இஃபெமெலு வேறொருத்தியின் சமூகப் பாதுகாப்பு அட்டையைக் காட்டி வேலை தேடுகிறாள். நேர்முகத்தில் தன் பெயர் என்ன என்பதையே நினைவுபடுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவளுடைய காதலன் ஒபின்ஸே இங்கிலாந்தில் இன்னொருவனின் காப்பீட்டு எண்ணில் உழைக்கிறான். எண்ணுக்குச் சொந்தக்காரன் சம்பளத்தில் 35 விழுக்காடு எடுத்துக்கொள்கிறான், பிறகு 45 வேண்டும் என்கிறான், மறுத்தபோது காட்டிக்கொடுக்கிறான். அடையாளம் என்ற பெரிய சொல்லுக்கு அடிச்சி விலை ஒட்டிக் காட்டும் இடம் இது. ‘அடையாள நெருக்கடி’ என்று எழுதத் தோன்றும்போதெல்லாம் எழுத்தாளர்கள் இந்த 35 விழுக்காட்டை நினைத்துக்கொள்ளலாம்.

கேஸ் எழுதுதல்

ஐரோப்பாவிலும் கனடாவிலும் தஞ்சம் கேட்ட ஈழத்தமிழரிடையே ‘கேஸ் எழுதுவது’, அதாவது தஞ்ச மனு தயாரிப்பது, தனிக்கலை. 1951 ஜெனீவா அகதிகள் உடன்படிக்கை ஐந்து காரணங்களையே ஏற்கிறது: இனம், மதம், தேசியம், குறிப்பிட்ட சமூகக் குழு ஒன்றைச் சேர்ந்திருத்தல், அரசியல் கருத்து. இவற்றில் ஒன்றின் பொருட்டுத் துன்புறுத்தப்படுவோம் என்ற அச்சத்துக்குத் தக்க ஆதாரம் இருக்கவேண்டும். பசி, கடன், பொதுவான போர்ச்சூழல், தன் தரப்புப் போராளி இயக்கத்தின் மீதான பயம் ஆகியவை அப்படியே எழுதினால் சிக்கலாகிவிடும். ஆகவே நடந்தது ஒன்று, எழுதப்படுவது அதில் கட்டத்துக்குள் பொருந்துகிற பகுதி. தேதிகள் முன்னுக்குப் பின் முரணாக இருக்கக்கூடாது. வதைபட்டவரின் நினைவு ஒழுங்காக வராது என்பது உளவியலில் தெரிந்த விஷயம். விசாரணை அதிகாரிக்கோ ஒழுங்காக வராத நினைவு பொய்யின் அடையாளம்.

இந்த முரண்பாடு புனைவெழுத்தாளனுக்குப் பெரும் கொடை. ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ (2001) பிரெஞ்சு அதிகாரிகளுக்கு எழுதப்பட்ட அகதி மனுவோடு தொடங்கி, மனுவில் இடம்பெற முடியாத வாழ்க்கைக்குள் நுழைகிறது. அடிக்குறிப்புகளோடு ஆவணம்போல் தோற்றம் காட்டும் அந்த நாவல், ஆவணத்தை நம்பாதே என்றும் கூடவே சொல்கிறது. அவரே முதன்மைப் பாத்திரத்தில் நடித்து 2015இல் கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை விருது பெற்ற ‘தீபன்’ படத்திலும், ஒருவரையொருவர் அறியாத மூவர் இறந்துபோனவர்களின் கடவுச்சீட்டில் ஒரே குடும்பமாகப் பிரான்சுக்கு வருகிறார்கள். நடித்துக்காட்டிய குடும்பம் கொஞ்சம் கொஞ்சமாகக் குடும்பமாகிறதா என்பதுதான் கேள்வி. அசல் அடையாளம், போலி அடையாளம் என்று பிரித்துப் பார்க்கும் பழக்கத்துக்கு இதைவிட நல்ல மறுப்பு கிடைப்பது கடினம்.

வியட் தான் நுயெனின் ‘தி சிம்பதைசர்’ (2015) ஏறக்குறைய முழுக்க ஒரு வாக்குமூலம். கம்யூனிஸ்ட் ஒற்றன் ஒருவன் தன் தரப்பின் சிறையிலேயே அமர்ந்து தன்னைப் பற்றி எழுதுகிறான், அதிகாரிக்குத் திருப்தியில்லை, மீண்டும் எழுதுகிறான். தன்னை அறிதல் இங்கே தண்டனையின் பெயர். ‘அமெரிக்கானா’, ‘கொரில்லா’, ‘தி சிம்பதைசர்’ மூன்றுக்கும் களமோ அரசியலோ ஒன்றல்ல. ஆனால் மூன்றிலும் ‘உன் கதையைச் சொல்’ என்பது அன்பான அழைப்பாக வருவதில்லை. அது ஓர் ஆணை.

ஷ்யாம் செல்வதுரையின் ‘ஃபன்னி பாய்’ (1994) இதை வீட்டுக்குள் கொண்டுவருகிறது. கொழும்புத் தமிழ்ச் சிறுவன் அர்ஜிக்குப் பெண் பிள்ளைகளோடு கல்யாண விளையாட்டில் மணமகளாவதுதான் பிடிக்கும். பெரியவர்கள் கண்டுபிடித்துத் தடுக்கிறார்கள். சிங்களம்தான் எதிர்காலம் என்று கணக்குப் போட்ட தந்தை அவனைச் சிங்கள மொழி வகுப்பில் சேர்க்கிறார். தமிழன் ஏன் இங்கே என்று அங்கே ஒரு மாணவன் கேட்கிறான். வீட்டில் கேட்கும் கேள்வி பாலினம் பற்றியது, பள்ளியில் கேட்பது இனம் பற்றியது. இரண்டுக்கும் சேர்த்து அவனிடம் ஒரே பதில் கிடையாது. ஆறு கதைகளாக அமைந்த இந்நூலின் கடைசிப் பகுதி மட்டும் 1983 ஜூலைக் கலவரத்தின் நாட்குறிப்பாக மாறிவிடுகிறது. நடந்ததை நிதானமாகத் திரும்பிப் பார்த்துச் சொல்ல அவகாசம் இல்லாததால் தேதி போட்ட குறிப்புகளாகவே அது வரமுடியும். கொழும்பில் கும்பல்கள் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடி வந்தன என்பது பதிவான வரலாறு. படிவத்தில் எழுதிய பெயர் எங்கெல்லாம் போய் முடியும் என்பதற்கு அதைவிடக் கொடிய உதாரணம் தேவையில்லை.

வாயில் எந்த மொழி

இவ்வகை நாவல்களில் அதிகம் கெட்டுப்போகும் இடம் உரையாடல். பாத்திரங்கள் பேசும் மொழி ஒன்று, நாவலின் மொழி இன்னொன்று. தமிழ் நாவலில் ஒருவன் பிரெஞ்சு அதிகாரியிடம் தடுமாறிப் பேசுகிறான் என்று வைத்துக்கொள்வோம். சரளமான தமிழில் எழுதிவிட்டு ‘என்று பிரெஞ்சில் சொன்னான்’ என்றால் தடுமாற்றம் காணாமல் போகிறது, அதோடு இருவருக்கும் இடையிலுள்ள அதிகார வேறுபாடும் போய்விடுகிறது. கொச்சைத் தமிழாக உடைத்து எழுதினால் அவன் முட்டாளாகத் தெரிகிறான். மொழியில் தடுமாறுகிறவன் சிந்தனையில் தடுமாறுவதில்லை. குர்னா செய்ததே நல்ல வழி: வாயில் இரண்டு சொல், மனதுக்குள் நீண்ட, நுட்பமான, கிண்டலும் கலந்த பேச்சு. அதிகாரிக்குக் கேட்பதும் வாசகருக்குக் கேட்பதும் வேறுவேறாக இருப்பதால் அவமானத்தைத் தனியாக விளக்கவேண்டியதில்லை. மொழிபெயர்ப்பாளரை நடுவில் வைப்பது இன்னொரு வழி. அவர் எதை விட்டுவிட்டார், எதைச் சேர்த்தார் என்று இரு மொழியும் தெரிந்த வாசகருக்கு மட்டும் காட்டலாம்.

மோனிகா அலியின் ‘பிரிக் லேன்’ (2003) இந்த விஷயத்தில் சறுக்கியது. டாக்காவிலிருக்கும் தங்கை ஹசினா லண்டனில் வாழும் அக்காவுக்குக் கடிதம் எழுதுகிறாள். தாய்மொழியில் தாய்மொழிக்காரிக்கு எழுதும் அந்தக் கடிதங்கள் உடைந்த ஆங்கிலத்தில் தரப்பட்டிருக்கின்றன. தன் மொழியில் எழுதுகிறவள் ஏன் அந்நிய மொழியில் திணறுகிறவள்போல் ஒலிக்கவேண்டும் என்று விமர்சகர்கள் கேட்டார்கள். படிப்பு குறைவு என்பது பதிலாகாது. படிப்பு குறைந்தவரின் வங்க மொழிக்கும் ஓர் ஓட்டம் இருக்கும். ஆங்கில வாசகரின் காதில் ‘அந்நியம்’ எப்படி ஒலிக்கும் என்ற பழக்கத்துக்கு அந்தக் கடிதங்கள் இரையாகிவிட்டன என்றுதான் சொல்லவேண்டும்.

சாம் செல்வனின் ‘தி லோன்லி லண்டனர்ஸ்’ (1956) இதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே வேறு முடிவெடுத்தது. தந்தை வழியில் மதராஸ் பூர்வீகம் கொண்ட டிரினிடாட்காரரான அவர், உரையாடலை மட்டுமல்லாமல் கதைசொல்லியின் மொழியையும் கரீபிய ஆங்கிலமாக்கினார். கதைசொல்லி ‘சரியான’ ஆங்கிலமும் பாத்திரங்கள் ‘பிழையான’ ஆங்கிலமும் பேசினால், யார் யாரை மேலிருந்து பார்க்கிறார்கள் என்பது முதல் பக்கத்திலேயே முடிவாகிவிடும் என்பதுதான் காரணம். ஜுனோ டியாஸ் 2007இல் வெளியான தன் நாவலில் ஸ்பானியச் சொற்களைச் சாய்வெழுத்தில் போடாமல், பொருளும் சொல்லாமல் ஆங்கிலத்தோடு ஓடவிட்டார். தெரியாதவர் தடுக்கி விழட்டும் என்ற துணிச்சல் அது.

தமிழில் இந்தத் துணிச்சலுக்கு முன்னோடி ப. சிங்காரம். 1972இல் வெளிவந்த ‘புயலிலே ஒரு தோணி’ இரண்டாம் உலகப் போர்க்கால மெடானிலும் பினாங்கிலும் நடக்கிறது. மலாய்ச் சொற்கள், டச்சுத் தெருப்பெயர்கள், வட்டிக்கடைகளின் அடுத்தாள், பெட்டியடிப் பையன் எல்லாமே விளக்கமில்லாமல் வந்து போகின்றன. நாயகன் பாண்டியனின் மனதில் மதுரைத் தெருக்கள் திரும்பத் திரும்ப ஓடுகின்றன; அதே வேகத்தில் தமிழ்ப் பெருமைப் பேச்சுகள் கிண்டலுக்கும் ஆளாகின்றன. ஏக்கமும் ஏளனமும் ஒரே மனதில் ஒரே நேரத்தில் இருக்கமுடியும் என்பதை அதற்குப் பின் வந்த பல புலம்பெயர் நாவல்கள் மறந்துவிட்டன. ஏக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டன.

மரபு அம்மா, நவீன மகள்

பிறந்த நாட்டுக்காகப் பேசும் அம்மா, புகுந்த நாட்டுக்காகப் பேசும் மகள் என்று வேலையைப் பிரித்துக் கொடுப்பது இந்த வகையின் தேய்ந்த பாதை. ஏமி டானின் ‘தி ஜாய் லக் கிளப்’ (1989) நான்கு தாய்-மகள் ஜோடிகளின் கதையை 16 பகுதிகளில் மாற்றி மாற்றிச் சொன்னது. தாய்மாருக்குச் சொந்தமாக இளமையும் தந்திரங்களும் குற்றங்களும் இருந்ததால் அந்த நாவல் தப்பியது. அதைப் பார்த்து எழுதியவர்கள் தாயின் பகுதிகளை விட்டுவிட்டு மகளின் புகாரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அம்மாவும் ஒரு காலத்தில் வீட்டை எதிர்த்து வெளியே வந்தவள்தான் என்பது விடுபட்டுப்போயிற்று.

இந்தப் பிரிவினையை உடைக்கும் எளிய உத்தி ஸ்மித்திடம் இருக்கிறது. ‘ஒயிட் டீத்’ தந்தைக்கு இரட்டை மகன்கள். ஒருவனையாவது நல்ல முஸ்லிமாக வளர்க்கலாம் என்று மஜீத்தை வங்கதேசத்துக்கு அனுப்புகிறார். போனவன் ஆங்கிலேயரைவிட ஆங்கிலேயனாகத் திரும்புகிறான். லண்டனிலேயே வளர்ந்த மில்லத் மதத் தீவிரக் குழுவில் சேர்கிறான். எந்த மண் எந்த மனிதனை உருவாக்கும் என்று கணக்குப் போட்டவர் இரண்டு பக்கமும் தோற்கிறார். யா ஜ்யாசியின் ‘ஹோம்கோயிங்’ (2016) இதற்கு நேரெதிர் அளவில் வேலை செய்கிறது. கானா கரையில் தாய் ஒருத்தியின் இரு மகள்கள், ஒருத்தி அடிமை வணிகக் கோட்டையின் மாடியில் வெள்ளை அதிகாரியின் மனைவி, இன்னொருத்தி அதே கோட்டையின் நிலவறையில் கைதி. ஏழு தலைமுறைகள், 14 அத்தியாயங்கள், அத்தியாயத்துக்கு ஒரு வாரிசு. ஒருவரோடு பழகத் தொடங்கும்போதே அத்தியாயம் முடிந்துவிடும் என்பது குறையாகச் சொல்லப்படுகிறது, உண்மையும்தான். ஆனால் தன் முன்னோர் யாரென்று பாத்திரத்துக்குத் தெரியாததை வாசகர் தெரிந்து வைத்திருக்கும் அந்த நிலையை வேறு எப்படியும் உருவாக்கியிருக்க முடியாது.

திரும்பிப் போதல்

‘தி ஜாய் லக் கிளப்’ கடைசியில் மகள்களில் ஒருத்தி சீனாவுக்குப் போகிறாள். ரயில் ஹாங்காங் எல்லையைத் தாண்டியதுமே தான் சீனப் பெண்ணாகிக்கொண்டிருப்பதை உணர்கிறாள். விமான நிலையத்தில் சந்திக்கும் அக்காமாரின் முகத்தில் அம்மாவைக் காண்கிறாள். கண்ணீர் வரவழைக்கும் முடிவு. அடையாளம் ரத்தத்தில் தூங்கிக்கொண்டிருந்தது, மண்ணை மிதித்ததும் எழுந்தது என்ற அதன் உட்பொருள்தான் சங்கடம் தருகிறது. இருநூறு பக்கங்களாகச் சிக்கலாக்கிய ஒன்றை ஒரு பயணச்சீட்டு தீர்த்துவிடுகிறது.

கால் நூற்றாண்டு கழித்து ‘அமெரிக்கானா’ இந்த முடிவை மறுபரிசீலனை செய்தது. 13 ஆண்டுகளுக்குப் பின் இஃபெமெலு லாகோஸ் திரும்புகிறாள். வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்களுக்கென அங்கே ஒரு கழகம் இருக்கிறது. நல்ல உணவகம் இல்லை, பொறுப்பான சேவை இல்லை என்று அங்கே எல்லோரும் குறைபட்டுக்கொள்கிறார்கள். எரிச்சலோடு கேட்டுக்கொண்டிருந்தவள் தானும் அதையே சொல்லிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடிக்கிறாள். அதே நாவலில், அமெரிக்க உச்சரிப்பைப் பழகிப் பேசிக்கொண்டிருந்தவள், தொலைபேசியில் ஒரு விற்பனையாளர் ‘அப்படியே அமெரிக்கர்போலப் பேசுகிறீர்கள்’ என்று பாராட்ட, நன்றி சொல்லிவிட்டுப் பிறகு வெட்கப்பட்டு அந்த உச்சரிப்பையே விட்டுவிடுகிறாள். தன்னை அறியும் தருணம் இங்கே மலையுச்சியிலோ மூதாதையர் வீட்டிலோ நிகழவில்லை, ஒரு விற்பனை அழைப்பில் நிகழ்கிறது. அதனால்தான் நம்பமுடிகிறது.

யாருக்குச் சொல்லப்படுகிறது

அடிச்சி 2009இல் ஆற்றிய புகழ்பெற்ற உரையில், தன் பாத்திரங்கள் உண்மையான ஆப்பிரிக்கர்களாக இல்லை என்று ஒரு பேராசிரியர் சொன்னதைக் குறிப்பிட்டார். காரணம், அவர்கள் படித்தவர்களாக, கார் ஓட்டுகிறவர்களாக இருந்தார்கள். பதிப்புத்துறையும் இப்படியொரு மேசைதான். வாசகரும் அங்கே ஒரு நாற்காலியில் இருக்கிறார். ஓர் இனத்தைப் பற்றி ஆண்டுக்கு ஒரு நூல் வெளியாகும்போது அந்த ஒரு நூலே எல்லோருக்காகவும் பேசவேண்டியிருக்கும். நூறு நூல்கள் வந்தால் ஒவ்வொன்றும் தன் கதையை மட்டும் சொன்னால் போதும். இந்தக் கதைப் பற்றாக்குறையைப் பற்றி நுயென் தொடர்ந்து எழுதிவருகிறார். சார்ல்ஸ் யூவின் ‘இன்டீரியர் சைனாடவுன்’ (2020) இதையே வடிவமாக்கியது. நாவல் முழுக்கத் திரைக்கதை அச்சில் இருக்கிறது. நாயகன் ‘பொதுவான ஆசிய ஆள்’ என்ற துணைவேடத்திலிருந்து ‘குங்ஃபூ ஆள்’ வேடத்துக்கு உயர ஆசைப்படுகிறான். அதற்கு மேல் ஆசைப்பட அவனுக்கு எழுதப்பட்ட பாத்திரம் கிடையாது.

விளக்கச் சொற்றொடர்கள் எங்கே வருகின்றன என்று பார்த்தால் எழுத்தாளர் யாரை நோக்கிப் பேசுகிறார் என்பது தெரிந்துவிடும். தாயும் மகளும் சமையலறையில் பேசிக்கொள்ளும்போது, இருவருக்கும் பிறந்ததிலிருந்தே தெரிந்த ஒரு பண்டிகையை ஒருவர் மற்றவருக்கு விளக்கினால், மூன்றாவதாக ஓர் ஆள் அங்கே நின்றுகொண்டிருக்கிறார். இப்படிப்பட்ட இடங்களைப் பென்சிலால் குறித்துக்கொண்டு வாசித்தால் முதல் 30 பக்கங்களிலேயே நாவலின் திசை பிடிபடும். அதோடு, நாயகரிடம் ‘நீ யார், எங்கிருந்து’ என்ற கேள்வி எழும் ஒவ்வொரு இடத்தையும் குறிக்கலாம். கேட்பவர் யார், பதில் பேச்சிலா எழுத்திலா, பொய்யா, பாதி உண்மையா, பொய் என்றால் விலை என்ன? கேள்வி ஒருமுறைகூட வெளியிலிருந்து வராமல் நாயகர் தானாகவே கண்ணாடி முன் நின்று புலம்பிக்கொண்டிருந்தால், அந்த நாவலில் பண்பாடு வெறும் பின்னணித் திரைதான். எழுதுகிறவர்களுக்கும் இதே சோதனை பயன்படும். ஒரு கையெழுத்துப் பிரதியில் உணவு, வாசனை, மழை பற்றிய பத்திகளை எடுத்துவிட்டும் கதை அப்படியே நின்றால், எடுத்தது எடுத்ததாகவே இருக்கட்டும்.

இந்த அளவுகோலுக்கு அடங்காத ஒரு நாவலையும் லாஹிரியே எழுதினார். 2012இல் ரோமில் குடியேறிய அவர், பெற்றோரின் வங்க மொழியும் தன் ஆங்கிலமும் அல்லாத இத்தாலிய மொழியில் எழுதத் தொடங்கினார். அந்த அனுபவம் பற்றிய நூலில் சலேர்னோ நகரத்துக் கடை ஒன்றைப் பற்றிச் சொல்கிறார். அவர் நன்றாக இத்தாலிய மொழி பேசியும், எந்த ஊர் என்று கேட்கும் விற்பனைப் பெண், நாலு வார்த்தை பேசிய கணவரின் இத்தாலிய மொழியைப் புகழ்கிறாள். தோற்றத்தில் கணவர் இத்தாலியர்போல இருக்கிறார் என்பதே காரணம். 2018இல் வெளியான ‘தோவே மி த்ரோவோ’ நாவலிலோ கதைசொல்லிக்குப் பெயரில்லை, நகரத்துக்கும் பெயரில்லை, நிறமோ பூர்வீகமோ பேசப்படுவதில்லை. நடைபாதையில், அலுவலகத்தில், உணவகத்தில் என்று இடங்களையே தலைப்பாகக் கொண்ட சிறு அத்தியாயங்கள். 2021இல் அவரே அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். நடுவயதுப் பெண்ணொருத்தி தனியாக வாழ்கிறாள், பார்க்கிறாள், நகர்கிறாள். எங்கிருந்து வந்தாய் என்று அவளிடம் ஒருவரும் கேட்பதில்லை. லாஹிரி வேண்டுமென்றே வாங்கிக்கொண்ட விடுதலை அது. ‘தி நேம்சேக்’கோடு ஒப்பிட்டால் புத்தகம் மெலிந்துதான் இருக்கிறது, அந்த மெலிவுக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்று தெரிந்தே அவர் எழுதியிருக்கிறார்.